வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

ஊரில் அவளை எல்லாரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். குடிநீர் அலுவலகத்தில் வேலை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறாள், அதற்குள் அவள் பார்க்காத தில்லுமுல்லு கிடையாது. மீட்டர் மேல் காந்தத்தை ஒட்டி முள்ளை நிறுத்தியவர்கள் உண்டு. மீட்டரையே கழற்றித் தலைகீழாக மாட்டி எண்ணைப் பின்னோக்கி ஓட விட்டவர்கள் உண்டு. ‘நாய் ஜாக்கிரதை’ என்று பலகை மாட்டிவிட்டு நாயே வளர்க்காத வீடுகள் அவள் போகும் தெருக்களில் மட்டும் ஒன்பது. ஒரு பெரிய மனிதர், அவள் வரும் நாள் பார்த்து மீட்டர் பெட்டி மேல் காரை நிறுத்திவிட்டுச் சாவி தொலைந்துவிட்டது என்பார். நாலு வருடமாக அவருக்கு மாதாமாதம் சாவி தொலைந்தது.

இப்படிப் பிழைக்கிறவளுக்கு யார் மேல் நம்பிக்கை வரும்? சிரித்துப் பேசினால், எதையோ மறைக்கிறார்கள் என்பாள். முறைத்தால், அதை மறைக்கக்கூடத் தெரியவில்லை என்பாள். கணவர் பேருந்துப் பணிமனையில் வண்டிகள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கிறவர், சாது. அவர் “மழை வருது” என்றால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பாள்.

“உங்க அண்ணிக்கு என் மேல நம்பிக்கை வர இன்னும் பத்து வருஷம் ஆகும்” என்று அவர் தன் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தங்கை, மீட்டரக்காவின் நாத்தனார், அதே வீட்டில்தான் இருந்தாள். புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்ட பிறகு ஒரு பெட்டியோடு வந்தவள். ஆறு வருடம் ஓடிவிட்டது. ஏரிக்கரைச் சாலையில், ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவை ஆலை ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்தாள். காலையில் இருவரும் ஒரே கண்ணாடியில் மாறி மாறித் தலை வாருவார்கள், ஒரே பேருந்தில் போவார்கள். சண்டை கிடையாது, கொஞ்சலும் கிடையாது.

ஏரி விவகாரம் ஒரு அட்டையில் ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரர் தன் கடை முகப்பில் அதை மாட்டியிருந்தார். ‘நம் ஏரித் தண்ணீரை நாமே சோதிப்போம். ஞாயிறு காலை ஏழு மணி. விருப்பமுள்ளவர்கள் வரலாம்.’

தலைவலி மாத்திரை வாங்கப் போன மீட்டரக்கா அதை இரண்டு முறை படித்தாள். இவருக்கு என்ன வந்தது? ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் கிடக்காமல் ஏரித் தண்ணீரைப் பாட்டிலில் மொள்ள வேண்டும் என்று என்ன தலையெழுத்து? கரையோர நிலத்தில் கண் வைத்திருக்கிறார். இல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறார். இதில் ஏதோ ஒன்று என்று முடிவு கட்டிக்கொண்டாள். அவளுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றே அந்த ஞாயிற்றுக்கிழமை போனாள்.

போனால் மொத்தம் மூன்று பேர். மருந்துக்கடைக்காரர், பணி ஓய்வு பெற்ற அறிவியல் டீச்சர், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் டிரைவர். இவளோடு நாலு. மருந்துக்கடைக்காரர் நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்றைக் காட்டினார். அதன் அடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குறி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். எந்த அளவில் குறி மறைகிறதோ அதுதான் கலங்கலின் கணக்கு. பிறகு ஒரு துண்டுத் தாளை நனைத்தால் நிறம் மாறும். மஞ்சளும் பச்சையுமாக இருந்தால் சரி. நீலத்துக்குப் போனால் தண்ணீரில் காரம் ஏறிவிட்டது, சோப்போ சலவைத்தூளோ கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

“படிச்சு எழுதறது நான் பண்றேன்” என்றாள் மீட்டரக்கா. மற்றவர்கள் எழுதும் எண்ணை அவளால் நம்ப முடியாது என்பதுதான் காரணம். அவர்களோ ஆர்வம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்கள்.

ஐந்து இடங்களில் தண்ணீர் எடுத்தார்கள். ஐந்தாவது இடம், சலவை ஆலையின் பின்புறமிருந்து வரும் வாய்க்கால் ஏரியில் சேரும் முனை. மூன்று மாதம் போயிற்று. முதல் நாலு இடங்களில் எண் ஏறும், இறங்கும். மழை பெய்தால் ஒன்று, வெயில் அடித்தால் ஒன்று. ஐந்தாவதில் மட்டும் ஒவ்வொரு வாரமும் குழாய் நிறைந்த பிறகும் குறி பளிச்சென்று தெரிந்தது. தாள் அழகான இளம்பச்சை.

“ஏரி தேறிட்டு வருது” என்று டீச்சர் பூரித்துப்போனார்.

மீட்டரக்கா நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். மாதாமாதம் ஒரே எண்ணைக் காட்டும் மீட்டர் பழுதான மீட்டர். அல்லது யாரோ கை வைத்த மீட்டர். அந்த முனையில்தான் வாரத்துக்கு இரண்டு முறையாவது மீன் செத்து மிதப்பதாகக் கரையோர வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

“துணி வெளுக்கிற இடத்துலேருந்து வர்ற தண்ணி, நம்ம வீட்டுக் குடத்துத் தண்ணியைவிடத் தெளிவா இருக்கே, எப்படி?”

“ஞாயித்துக்கிழமை ஆலை லீவு அக்கா” என்றார் வேன் டிரைவர்.

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சாதாரண விஷயம் மூன்று மாதமாக யாருக்கும் உறைக்கவில்லை. அன்றிலிருந்து வேலை நாட்களில் எடுப்பது என்று முடிவாயிற்று. ஒரு வாரம் திங்கள், அடுத்த வாரம் வியாழன், அதற்கடுத்த வாரம் புதன். எந்த நாள் என்பதை நாலு பேரும் தங்களுக்குள்ளேயே பேசி வைத்துக்கொண்டார்கள்.

அப்போதும் ஐந்தாவது இடம் இளம்பச்சைதான்.

நாலாவது முறை அப்படி வந்தபோது மீட்டரக்கா நோட்டை மூடினாள். “நம்ம வர்ற நாள் அவங்களுக்குத் தெரியுது. யாரோ சொல்லிக் குடுக்கறாங்க.”

“யாரும்மா சொல்வாங்க?” என்றார் டீச்சர்.

மீட்டரக்கா மருந்துக்கடைக்காரரை நேராகப் பார்த்தாள். “உங்க கடையிலேருந்துதானே அந்த ஆலைக்கு மருந்து போகுது?”

அவர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மூடி முழுவதும் இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார். “முதலுதவிப் பெட்டிக்கு மாசம் ரெண்டு பஞ்சுச் சுருள், நாலு தீப்புண் களிம்பு. அதுக்காகவா நான் இதையெல்லாம் பண்றேன்னு நினைக்கறீங்க?”

“நான் ஒண்ணும் நினைக்கல. கேட்டேன்.”

அன்று அதோடு கலைந்தார்கள்.

மறுநாளே மீட்டரக்கா ஒரு வலை விரித்தாள். மருந்துக்கடைக்காரரிடம் தனியாகப் போய், “செவ்வாய்க்கிழமை நான் மட்டும் போய் எடுத்துட்டு வந்துடறேன். வேற யாருக்கும் சொல்ல வேண்டாம்” என்றாள். டீச்சரிடம் இதையே புதன்கிழமை என்றாள். வேன் டிரைவரிடம் வியாழன். எந்த நாளில் தண்ணீர் தெளிகிறதோ, அந்த நாளுக்குரிய ஆள் மாட்டிக்கொள்வார். அந்த வாரம் செவ்வாய் முதல் வியாழன் வரை அவளுக்கு ஏரிக்கரைச் சாலையில்தான் மீட்டர் பார்க்கும் வேலை. நடுவில் வாய்க்கால் பக்கம் ஒதுங்குவது சுலபம்.

செவ்வாய்க்கிழமை வாய்க்கால் பால் மாதிரி வந்தது. நுரை முழங்கால் உயரம். கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. தாள் கருநீலமாக மாறியது. சரி, மருந்துக்கடைக்காரர் சொல்லவில்லை.

புதன்கிழமையும் பால். டீச்சரும் இல்லை. வியாழக்கிழமை நுரையோடு விரல் நீள மீன்கள் இரண்டு மல்லாந்து வந்தன. வேன் டிரைவரும் இல்லை.

மூன்று பேரும் யோக்கியர்கள் என்று தெரிந்தால் வேறொருத்தி சந்தோஷப்பட்டிருப்பாள். இவளுக்கு எரிச்சல்தான் வந்தது. சரி, யாருக்குமே சொல்லாமல் இன்னும் ஒரு நாள் பார்த்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமையும் போனாள். அன்று அவளுக்கு ஊரின் மறுகோடியில் வேலை. அதனால் ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டிலிருந்து கிளம்பினாள்.

ஆலைக்குள் இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது, வாய்க்காலோ கண்ணாடியாக இருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம்.

மீட்டரக்கா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். குழுவில் ஒருத்தருக்கும் தெரியாது. பிறகு யாருக்குத் தெரியும்? வியாழன் சாயங்காலத்தை ஒவ்வொரு நிமிடமாக நினைத்துப் பார்த்தாள். வேலை முடிந்து வந்தது, அடுப்பு பற்ற வைத்தது, மூவரும் சாப்பிட உட்கார்ந்தது. அப்போது அவளே சொல்லியிருந்தாள், “நாளைக்கு நான் ஏரிக்குப் போயிட்டு அப்படியே வேலைக்குப் போயிடுவேன். பால் வந்தா நீ எடுத்து வை” என்று.

சொன்னது நாத்தனாரிடம்.

செவ்வாய், புதன், வியாழன் போனதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. மற்ற வாரங்களில் எல்லாம் இப்படித்தான். திங்கள் போகிறேன், புதன் போகிறேன் என்று தட்டை வைத்துக்கொண்டு சொன்னதெல்லாம் அந்தக் காதில்தான் விழுந்தது. ஊரில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்டவளுக்கு, தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகும் என்று தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் நேராக ஒன்றும் கேட்கவில்லை. வேவு பார்த்தாள். நாத்தனார் பாத்திரம் கழுவச் சேலைத் தலைப்பைச் செருகினாள். அவள் முன்கைகளில் பழைய தீப்புண் தழும்புகள் வரிவரியாக இருந்தன. ஆலையில் ஆவி பறக்கும் இஸ்திரி இயந்திரம் போட்ட கோடுகள். முன்பெல்லாம் வாரம் ஒரு புதுக் கோடு விழும், களிம்பு தடவிக்கொண்டு வருவாள். இப்போது எல்லாமே ஆறிப்போன கோடுகள். புதிதாக ஒன்றுகூட இல்லை.

“இப்ப இஸ்திரி மிஷின்ல இல்லியா நீ?” என்று சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டாள்.

“துணி மடிக்கிற மேஜைக்கு மாத்திட்டாங்க அண்ணி. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.”

குழு வேலை நாட்களுக்கு மாறியதும் ஏறக்குறைய அப்போதுதான். மீட்டரக்கா தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை குழுவில் மூன்று பேர் முன்னாலும் சொன்னாள். “சொல்லிக் குடுத்தது எங்க வீட்டு ஆள். என் நாத்தனார். உங்களைத் தப்பா பேசிட்டேன்” என்று மருந்துக்கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத குரல், மீட்டர் எண்ணைப் படிப்பது போலவே வந்தது.

அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. “அடுத்த தடவை சந்தேகம் வந்தா கடைக்கு வாங்க. தனியா கேளுங்க” என்றார். அவ்வளவுதான்.

“வீட்டுல பேசிட்டீங்களா?” என்றார் டீச்சர்.

“பேசினா அவ உஷாராயிடுவா.”

டீச்சர் கைபேசியை எடுத்தார். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அவரிடம் படித்த பெண் ஒருத்தி அதிகாரியாக இருந்தாள். புதன்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டாள்.

திங்கள் சாயங்காலம் மீட்டரக்கா சாப்பாட்டு மேஜையில் வாய் கூசாமல் சொன்னாள். “புதன்கிழமை எனக்கு ஆபீஸ்ல பயிற்சி வகுப்பு. ஏரிக்கு இந்த வாரம் வெள்ளிக்கிழமைதான்.”

நாத்தனார் தட்டைப் பார்த்துக்கொண்டே “சரி அண்ணி” என்றாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தாள். வாய்க்கால் பொங்கி வழிந்தது. ஐந்து பாட்டில்களில் பிடித்து முத்திரை வைத்துவிட்டு, நேராக ஆலைக்குள் போனாள். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டி பொட்டலாகக் காய்ந்திருந்தது. அதன் மோட்டார் மேல் சிலந்தி வலை. மேற்பார்வையாளர் நேற்றுத்தான் பழுதாயிற்று என்று மென்று விழுங்கினார். “நேத்து கட்டின வலையா இது?” என்று கேட்டாள் அதிகாரி. மதியத்துக்குள் ஆலையை மூடச் சொல்லி உத்தரவு ஒட்டியாகிவிட்டது.

மீட்டரக்காவுக்கு அன்று அரை நாள் விடுப்பு. வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் முன்னாலேயே வந்திருந்தாள். ஆலைச் சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“பயிற்சி வகுப்பு நல்லா நடந்துச்சா அண்ணி?”

மீட்டரக்கா பையை ஆணியில் மாட்டினாள்.

“முப்பத்தி நாலு பேரை வாசல்ல நிறுத்தி வெச்சு மேற்பார்வையாளர் சொன்னாரு, இவ அண்ணிதான் பண்ணது, இவளும் சேர்ந்து நாடகம் ஆடியிருக்கான்னு. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. பஸ்ல என் பக்கத்துல ஒருத்தி உக்காரல.”

“நீ அந்த ஆளுகிட்ட நாள் சொல்லிக் குடுக்காம இருந்திருந்தா…”

“சொன்னேன்தான். மடிக்கிற மேஜை தர்றேன்னாரு, ராத்திரி போன் பண்ணிச் சொன்னேன். ரெண்டு கையும் வெந்து போயிருந்துச்சு.” கைகளை நீட்டினாள். “ஆலையைப் பூட்டிட்டா நான் எங்க போவேன்? காலம் பூரா உங்க வீட்டுல உக்காந்து சாப்பிடணுமா?”

உங்க வீட்டுல என்று அவள் அழுத்திச் சொன்னது மீட்டரக்காவுக்குச் சுருக்கென்று குத்தியது. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேட்டீங்களா? அந்த மோட்டார் போய் எட்டு மாசமாச்சு. பின்னாடி சிவப்புக் கைப்பிடி போட்ட வால்வு ஒண்ணு இருக்கு. அதைத் திறந்தா நேரா வாய்க்கால். நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் அதை மூடிட்டு அழுக்குத் தண்ணியை டேங்கர்ல ஏத்துவாங்க. அத்தனையும் எனக்குத் தெரியும். ஊர் பூரா போய்க் கேட்டீங்க. பக்கத்துல உக்காந்திருக்கறவகிட்ட கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

உண்மையிலேயே சொல்லியிருப்பாளா? மீட்டரக்காவுக்கு அது இன்றுவரை தெரியாது. அந்த நிமிடத்திலும் அவள் மனதில் ஒரு மூலை, இவள் இப்போது சொல்வது எவ்வளவு தூரம் நிஜம் என்று எடை போட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தான் அவளைத் தூண்டில் புழுவாக ஆக்கியது நிஜம். அதில் எடை போட ஒன்றும் இல்லை.

பதினொரு நாள் இருவரும் பேசவில்லை. ஒரே கண்ணாடி முன்னால் நின்று தலை வாருவதும் நின்றுபோயிற்று. கணவர் இருவருக்கும் நடுவில் உப்பையும் சாவியையும் எடுத்துக் கொடுக்கும் ஆளாக மாறிப்போனார்.

பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஆலைப் பெண்கள் ஏரிக்கரைக்கே வந்துவிட்டார்கள். இருபதுக்கு மேல் இருப்பார்கள். “மீனைக் காப்பாத்திட்டீங்க. எங்க அடுப்பை யாரு காப்பாத்துவா?” என்று முன்னால் நின்றவள் கத்தினாள். ஆலையில் மூத்தவள், எல்லாரும் சின்னம்மா என்பார்கள். வேன் டிரைவர் தன் வண்டியின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கூட்டத்தின் கடைசியில் நாத்தனார் இருந்தாள். சின்னம்மா மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் முன்னால் வந்தாள்.

“மூடறது எங்களுக்கும் வேண்டாம், இவங்களுக்கும் வேண்டாம். மோட்டாரை மாத்தச் சொல்லுங்க. அந்த சிவப்பு வால்வைப் பூட்டி சாவியை அதிகாரிகிட்ட குடுக்கச் சொல்லுங்க. தொட்டி தினமும் ஓடுதான்னு எங்கள்ல ஒருத்தி பார்த்து நோட்டுல எழுதட்டும். எழுதினதுக்காக அவளை வேலையை விட்டுத் தூக்கக் கூடாதுன்னு முதலாளி கையெழுத்துப் போடணும். வெளியே இவங்க எப்ப வேணா பார்த்துக்கட்டும்.”

“யாரு எழுதறது? நீயா?” என்றாள் சின்னம்மா. “நீ ரெண்டு பக்கமும் பேசறவ.”

நாத்தனாரின் முகம் சுண்டிப்போயிற்று. மீட்டரக்கா வாயைத் திறந்தாள். அவளுக்காகப் பேசத்தான் நினைத்தாள். ஆனால் இருபத்திரண்டு வருடப் பழக்கம்தான் வெளியே வந்தது. “ஒருத்தி எழுத வேண்டாம். ரெண்டு பேர் எழுதுங்க. ஒருத்தி எழுதறதை இன்னொருத்தி பார்க்கட்டும். ஒருத்தரை ஒருத்தர் நம்பாத ரெண்டு பேரா இருந்தா இன்னும் நல்லது.”

பெண்கள் நடுவிலிருந்து ஒருத்தி சிரித்தாள், சிரிப்பு அப்படியே பரவியது. சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அப்படின்னா இவளும் நானும்” என்றாள்.

டீச்சர் மனு எழுதினார், எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி அதையே நிபந்தனையாக வைத்தாள். முதலாளி பத்து நாள் முரண்டு பிடித்துப் பார்த்துவிட்டு வழிக்கு வந்தார். மூடிய இருபத்தி மூன்றாவது நாள் ஆலை திறந்தது. நாத்தனாரைத் திரும்ப இஸ்திரி இயந்திரத்துக்கே அனுப்பிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் முழங்கை வரை மூடும் தடித்த கையுறை எங்கே கிடைக்கும் என்று விசாரித்துச் சொல்ல, மீட்டரக்கா ஒரு ஜோடி வாங்கி வந்து அவள் பெட்டி மேல் வைத்தாள். யார் வைத்தது என்று நாத்தனார் கேட்கவில்லை. ஆனால் போட்டுக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஐந்தாவது இடத்தில் எண் ஏறவும் இறங்கவும் செய்கிறது, மற்ற இடங்களைப் போலவே. சில நாள் தாள் லேசாக நீலம் தட்டும். அன்று ஆலை நோட்டைப் பார்த்தால் மின்சாரம் போய்த் தொட்டி நின்ற நேரம் அதில் எழுதியிருக்கும். இரண்டு கையெழுத்து, ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டு. கரையோர வீட்டுக்காரர்கள் செத்த மீன் கண்ணில் படுவதில்லை என்கிறார்கள். மீட்டரக்கா அதையும் முழுதாக நம்பவில்லை, தானே போய்ப் பார்க்கிறாள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, யாருக்கும் சொல்லாமல், வேலைக்கு நடுவில் வாய்க்கால் முனைக்குப் போனாள். குழாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது ஆலையின் பின்பக்கக் கம்பிக் கதவு திறந்தது. நாத்தனார், கையுறையோடு.

“இன்னிக்கு வர்றதா நீங்க சொல்லவே இல்லையே அண்ணி.”

“சொல்லிட்டு வந்தா என்னத்தைப் பார்க்கறது?”

அவள் சரிவில் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். மீட்டரக்கா தாளை நனைத்து, உதறி, வெயிலில் பிடித்தாள். “பச்சைதான்” என்று நோட்டை எடுத்தாள்.

நாத்தனார் ஒரு கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“குடுங்க இங்க. நானே பார்க்கறேன்” என்று தாளை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.